‘எல்லாம் என்னாலதான்’ என்று சொல்லும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து நிறைய கடிதங்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கஷ்டம், ஆனால் பிள்ளைகள் வாயில் வருகிற பேச்சு மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: "எல்லாம் என்னாலதான்", "நான் எதுக்கும் லாயக்கில்ல". அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தமுறை முழுக்க இதைப் பற்றியே பேசலாம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டுகிற விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி (ஒரு தாய், பாம்பன் பக்கம்): மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வருசம் அவ அப்பா போன விசைப்படகை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனது. சில மாதம் கழித்து ஆள் வந்துவிட்டார். அதற்குள் வட்டிக் கடனில் முங்கிப்போனோம். அவர் கடலுக்குப் போவதற்கு முதல் நாள் இவள் ஸ்கூல் டூருக்குக் காசு கேட்டிருந்தாள். "நான் கேட்டதாலதான் அப்பா போனாரு" என்று இன்னும் ராத்திரியில் அழுகிறாள். "அப்படிச் சொல்லாதடி, நீ தங்கமான பிள்ளை" என்றால் கோபம்தான் வருகிறது. திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். படகு போன அன்றைக்கு அவ அப்பாவுக்கு மேலுக்குச் சுகமில்லை, நான்தான் போகச் சொன்னேன், பாவி நான். இவளுக்கு என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: முதலில் அந்த வயிற்றுவலி. அது நடிப்பு கிடையாது. மனசு கலங்கிக் கிடக்கிற பிள்ளைகளுக்கு வயிறு, தலை என்று உடம்பில்தான் முதலில் தெரியும், அதுவும் பள்ளிக்கூட நாட்களில் காலையில் கூடும். "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு, எந்திரி" என்றால், தன் வலியைக்கூட யாரும் நம்பவில்லை என்பதும் சேர்ந்துகொள்ளும். "வலிக்குதுன்னு தெரியுது. வெந்நீர் குடிச்சிட்டு மெதுவா கிளம்பு, முக்கு வரைக்கும் நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். வலியை நம்புவதும் பள்ளிக்கூடம் அனுப்புவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை.

அடுத்து, "தங்கமான பிள்ளை" என்பது ஏன் உள்ளே இறங்கவில்லை என்பது. தான் நல்லவளா கெட்டவளா என்று அவள் கேட்கவில்லை. தான் காசு கேட்டதால் அப்பா சிறைக்குப் போனார் என்று தானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, அதைத் தாங்க முடியாமல் உங்களிடம் சொல்ல வருகிறாள். நீங்கள் அதைக் காது கொடுத்து முழுதாகக் கேட்பதற்குள் பாராட்டிவிடுகிறீர்கள், அவளுக்குப் பேச்சை மூடிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. பாசத்தில்தான் செய்கிறீர்கள், எல்லா அம்மாக்களும் செய்வதுதான்.

டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், தன்பரிவு என்பதை 2003இல் எழுதிய ஆய்வுகளில் மூன்று பகுதியாகச் சொன்னார். நோவை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி பார்ப்பது ஒன்று. இந்த நோவு மனுசராய்ப் பிறந்த எல்லோருக்கும் வரக்கூடியது, நான் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை என்று உணர்வது இரண்டு. நெருங்கின சிநேகிதி இப்படி அழுதால் அவளிடம் எப்படிப் பேசுவோமோ அப்படித் தன்னிடமும் பேசுவது மூன்று. கேட்க எளிதாக இருக்கும், துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம், அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் சும்மா கேளுங்கள். "நீ கேட்டதாலதான் அப்பா போனாருன்னு உனக்குத் தோணுது, அது ராத்திரி ஆனா ரொம்ப அழுத்துது, அப்படித்தானே?" அவள் ஆமாம் என்பாள், அழுவாள், அழட்டும். அன்றைக்கு அவ்வளவுதான்.

இன்னொரு நாள், இரண்டு பேரும் ஆறுதலாக இருக்கிற நேரத்தில், ஒரு பழைய நோட்டில் பெரிய வட்டம் ஒன்று போடச் சொல்லுங்கள். அப்பா பிடிபட்டதற்கு என்னென்ன காரணம் என்று ஒவ்வொன்றாக எழுதி, வட்டத்தில் அதற்கு எவ்வளவு இடம் என்று அவளே கோடு போட்டுப் பிரிக்கட்டும். இந்தியாவும் இலங்கையும் 1974லும் 1976லும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் எல்லைக்கோடு கிழித்தன, அதற்கு ஒரு துண்டு. அப்போது நீங்களே பிறந்திருக்க மாட்டீர்கள். நம் பக்கத்தில் மீன் குறைந்துபோனதற்கு ஒரு துண்டு. படகை எந்தப் பக்கம் விடுவது என்று முடிவு செய்தவருக்கு ஒன்று, அன்றைய நீரோட்டத்துக்கு ஒன்று, வட்டிக் கடனுக்கு ஒன்று, ரோந்து வந்த கப்பலுக்கு ஒன்று. டூர் காசு கேட்ட பிள்ளையின் பங்கைக் கடைசியில்தான் போட வேண்டும், இது முக்கியம், முதலில் போட்டால் முழு வட்டத்தையும் அதற்கே கொடுத்துவிடுவாள். கடைசியில் மிஞ்சுவது ஒரு கீற்று இருக்கும், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். "உன் பங்கு எதுவுமே இல்லை" என்று நீங்கள் வாயால் நூறு தடவை சொல்வதைவிட அவள் கையால் போட்ட கோடு அவளுக்குத் துல்லியமாகப் பேசும். கவலைக்கும் மனச்சோர்வுக்குமான சிகிச்சையில் ஆலோசகர்கள் இதை நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். "நான்தான் போகச் சொன்னேன், பாவி நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மகளும் நீங்களும் ஒரே வீட்டில், ஒரே சம்பவத்துக்கு, ஒரே பழியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள். உங்கள் பழி அவளுக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள், அவளுக்குத் தெரியும். சோறு குழைந்துவிட்டால் "என் கையி விளங்காத கையி" என்பதும், வட்டிக்காரர் வந்துபோனபின் சுவரோடு உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வதும் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. தப்பு நடந்தால் நமக்கு நாமே என்ன சொல்லிக்கொள்வது என்பதைப் பிள்ளைகள் பாடமாகப் படிப்பதில்லை, வீட்டில் பெரியவர்கள் தங்களைத் திட்டிக்கொள்வதைக் கேட்டே பழகுகிறார்கள். நான் இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பிள்ளைக்கு மட்டும் சொல்லித்தந்தால் இது நிற்காது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அதனால் அதே நோட்டில், அடுத்த பக்கத்தில், உங்கள் வட்டத்தையும் போடுங்கள், அவள் பார்க்கப் போடுங்கள். உங்கள் துண்டு எது என்று வரும்போது, "சுகமில்லாத மனுசனைப் போகச் சொன்னது எனக்கு வருத்தம்தான். வீட்டுல அரிசி இல்லாத அன்னைக்குச் சொன்னேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். வருத்தம் வருத்தமாகவே இருக்கலாம், பாவி என்ற பட்டம் வேண்டாம். அவள் முதன்முறையாக ஒரு பெரிய மனுசி தன்னிடம் நியாயமாக நடந்துகொள்வதை நேரில் பார்ப்பாள். அதற்கப்புறம், "உன் கூட்டாளி ஒருத்தி இதே கதையைச் சொல்லி அழுதா அவகிட்ட என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள், அவள் சொல்கிற பதிலை அவள் கையெழுத்திலேயே வட்டத்துக்குக் கீழே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

"ஊர்ல எல்லாருக்கும்தான் நடக்குது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் இந்தத் துக்கம் தெரிந்த வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, உண்மைதான், ஆனால் அதே வாக்கியம் வாயை அடைக்கவும் செய்யும், துணையாகவும் இருக்கும். "பக்கத்துத் தெருவுல அந்தப் பிள்ளைக்கும் அவ அப்பா வர்ற வரைக்கும் இப்படித்தான் தூக்கம் வராம இருந்துச்சாம், அவகூட ஒரு நாள் பேசுறியா?" என்றால் அது துணை.

கேள்வி (ஒரு தகப்பன், வாலிநோக்கம் பக்கம்): நான் வல்லத்தில் (நாட்டுப்படகில்) தொழிலுக்குப் போகிறேன், வீட்டில் கடல்பாசி எடுக்கப் போவாள். மகன் பதினொன்றாவது, இரண்டு பாடத்தில் பெயில். கேட்டால் "விடுப்பா, நான் வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு சுருண்டு படுத்துக்கொள்கிறான். ஸ்கூலில் வந்த கவுன்சிலர் அன்பாகப் பேசச் சொல்கிறார். நாங்கள் எல்லாம் அடியும் வசவும் வாங்கி வளர்ந்தவர்கள். தப்பு செய்தவனுக்கே அவனை அவனே தட்டிக்கொடுக்கக் கற்றுக்கொடுத்தால் உருப்படுவானா?

பதில்: நியாயமான கேள்வி. இதைக் கேட்காத தகப்பன் குறைவு.

உங்கள் மனைவியிடம் கேளுங்கள். கடலில் முங்கிப் பாறையில் பாசி பிடுங்குகிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். துணி சுற்றியதால் அவர்கள் சொகுசாகிவிடவில்லை, சுற்றாமல் போனால் விரல் கிழிந்து அடுத்த நாள் தண்ணீரில் கையே வைக்க முடியாது. தன்னைத் தானே ஏசிக்கொள்ளாமல் இருப்பது பையனுக்கு அந்தத் துணி. வேலையை அவன்தான் செய்ய வேண்டும்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான சொல் தேர்வு ஒன்றை வைத்தார்கள். எல்லோருக்கும் சறுக்கியது. அப்புறம் ஒரு பிரிவினரிடம், இந்தத் தேர்வு பலருக்கும் கஷ்டம்தான், உங்களை நீங்களே வறுத்தெடுக்காதீர்கள் என்கிற மாதிரி சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், இந்தக் கல்லூரிக்கு வந்திருக்கிறீர்களே, கெட்டிக்காரர்கள்தான் என்று பாராட்டினார்கள். மறுதேர்வுக்குப் படிக்க விட்டபோது அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் முதல் பிரிவினர். காரணம் யோசித்தால் புரியும். தோற்றால் உள்ளே அடி விழும் என்று தெரிந்தவன் புத்தகத்தைத் திறக்கவே பயப்படுவான். உங்கள் மகன் சொல்கிற "விடுப்பா" சோம்பேறித்தனமாகத் தெரிகிறது, எனக்கு அதில் பயம்தான் தெரிகிறது. நீங்கள் திட்டுவதற்குள் தன்னைத் தானே திட்டி முடித்துவிடுகிறான்.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ராத்திரி போனை வாங்கி வையுங்கள், எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று கேளுங்கள், டியூசனுக்கோ வாத்தியாரிடமோ நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். செய்த வேலையைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். "கணக்குல பெயில் ஆயிட்ட, அது கஷ்டமாத்தான் இருக்கும், எங்க இடிக்குதுன்னு பார்ப்போம்" என்பதற்கும் "நீ எதுக்குடா ஆவ" என்பதற்கும் ஆகிற நேரம் ஒன்றுதான். ஐயோ எனக்கு மட்டும் இப்படி ஆயிருச்சே என்று மூலையில் உட்கார்ந்து புலம்புவதைத் தன்பரிவு என்று நினைத்துவிட வேண்டாம், அது கழிவிரக்கம், அதில் மனுசன் தன்னைத் தவிர யாரையும் பார்ப்பதில்லை, அடுத்த அடியும் எடுத்து வைப்பதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், உங்களைப் போல வல்லத்துக்காரர்களுக்கு அந்த ஓய்வும் கிடையாது, தெரியும். ஆனால் காற்று கூடிக் கடலுக்குப் போகாத நாட்களில் வலை கட்டுவீர்கள் இல்லையா, அப்போது பக்கத்தில் உட்காரவைத்து நூல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகள் நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் பேசமாட்டார்கள், கையில் வேலை இருந்தால் பேசுவார்கள். நீங்கள் நட்டப்பட்ட ஒரு சீசனைப் பற்றி, அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது, எப்படித் திரும்ப இறங்கினீர்கள் என்று சொல்லுங்கள். புத்திமதி சேர்க்காமல் சொல்லுங்கள்.

படுத்தே கிடப்பது, சாப்பாடு குறைவது, பிடித்த விளையாட்டும் வேண்டாம் என்பது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் இருந்தால் பேச்சோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்கிற பையன்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் கோபமாகத்தான் வரும்.

கேள்வி (ஒரு தாய், கீழக்கரை): மகனுக்கு ஒன்பது வயது. அவன் வாப்பா சவூதியில். எதற்கும் பயம். பாத்ரூமுக்கும் நான் கூட வர வேண்டும், என் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான், ஸ்கூலில் நான் கேட்டுக்கு வெளியே மத்தியானம் வரை நிற்கிறேன். சில நாள் தாங்க முடியாமல் கத்திவிடுகிறேன், அப்புறம் அவன் தூங்கினபின் அழுகிறேன். நல்ல உம்மாவாக இருக்கத் தெரியவில்லையே என்று இருக்கிறது.

பதில்: மத்தியானம் வரை கீழக்கரை வெயிலில் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஒருத்தி நல்ல உம்மாவா என்று கேட்கிறீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் கவலை நோய் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு சிகிச்சைமுறையை உருவாக்கினார், அதில் சிகிச்சைக்கு வருவது பெற்றோர் மட்டும்தான், பிள்ளை வருவதே இல்லை. 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி, இன்னொன்றில் பிள்ளைக்கே நேரடியாக வழக்கமான பேச்சுச் சிகிச்சை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, பெற்றோர் பயிற்சி மற்றதற்குச் சளைத்ததாக இல்லை. அதாவது நீங்கள் மாறினால் அவன் மாறுகிறான்.

எதை மாற்றுவது? பிள்ளையின் பயத்துக்காக நாம் செய்துகொடுக்கிற சலுகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, அதைக் கோபமில்லாமல், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது. ஒவ்வொரு தடவை நீங்கள் கூடப் போகும்போதும் "தனியா போனா ஆபத்துதான் போல" என்று அவன் மனசு எழுதிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், ஒன்றை மட்டும் எடுங்கள். பாத்ரூம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் கதவுக்கு வெளியே, அடுத்த வாரம் அடுப்பங்கரையிலிருந்து குரல் மட்டும், அப்புறம் குரலும் இல்லாமல். அவன் அழுவான், கெஞ்சுவான். அப்போது சொல்வதற்கு ஒரே வாசகத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: "பயமா இருக்குன்னு உம்மாக்குத் தெரியுது. உன்னால தாங்க முடியும்னும் உம்மாக்குத் தெரியும்." இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதி மட்டும் சொன்னால் அவன் இன்னும் ஒட்டிக்கொள்வான், இரண்டாவது மட்டும் சொன்னால் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். வாப்பாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள், வீடியோ காலில் "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா" என்று அவர் ஒரு வார்த்தை விட்டால் நீங்கள் ஒரு வாரம் பட்ட பாடு போய்விடும். அவரும் அதே வாசகத்தையே சொல்லட்டும்.

அவனுக்குச் சொல்லித்தரச் சின்னதாக ஒன்று. பயம் வரும்போது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, "பயம் வந்திருக்கு, கொஞ்ச நேரத்துல போயிரும், நான் என்கூட இருக்கேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். தூங்கப் போகும்போது, பயம் இல்லாத நேரத்தில், விளையாட்டாக இரண்டு பேரும் சேர்ந்து பழகுங்கள், பயத்தின் நடுவில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் கையும் உங்கள் நெஞ்சில் இருக்கட்டும், உங்களுக்கும் தேவைதான்.

கத்திய நாட்களைப் பற்றி. காலையில் அவன் எழுந்ததும், "நேத்து உம்மா கத்திட்டேன், அது சரியில்ல, மன்னிச்சுக்கம்மா. ரொம்ப அசந்து போயிருந்தேன்" என்று சொன்னால் போதும். நீண்டு விளக்க வேண்டாம், அழுது அவனை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்கவும் வேண்டாம். தப்பு செய்தவர் தன்னை நார் நாராகக் கிழித்துக்கொள்ளாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டு இட்லி அவிக்கப் போகலாம் என்பதை அவன் அங்கேதான் கற்றுக்கொள்வான். வாரத்தில் ஒரு மாலையாவது உங்கள் லாத்தாவிடமோ கொழுந்தியாளிடமோ அவனை விட்டுவிட்டுத் தூங்குங்கள். அசதிக்கு அறிவுரை மருந்தாகாது.

கேள்வி (ஓர் ஆசிரியை, மண்டபம்): வகுப்பில் எல்லா மாணவர்களுக்கும் தன்பரிவுப் பயிற்சி நடத்தலாமா? உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: வளரிளம் பருவத்தினரிடம் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 7,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்த ஓர் அலசல் 2018இல் வந்தது. தன்பரிவு கூடுதலாக உள்ள பிள்ளைகளிடம் கவலையும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைவாக இருந்தன. எது எதற்குக் காரணம் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது, மனச்சோர்வே தன்மேல் உள்ள பரிவைக் குறைக்கவும் செய்யும். ஆகவே வகுப்பில் நடத்துங்கள், ஆனால் இதுவே சிகிச்சை என்று நம்பி யாரையும் மருத்துவரிடம் அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒருபோதும் அன்பான பேச்சைக் கேட்டிராத பிள்ளைக்கு, திடீரென்று அது கிடைத்தால் பழைய வலியெல்லாம் பொங்கிக்கொண்டு வரும். கிறிஸ்டோபர் கெர்மர் போன்ற சிகிச்சையாளர்கள் இதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே கண்ணை மூடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள், எல்லோர் முன்னாலும் சொந்தக் கதையைச் சொல்ல வைக்காதீர்கள். தோற்றுப்போன ஒரு சிநேகிதனுக்குக் கடிதம் எழுதச் சொல்லி, அதே கடிதத்தைப் பெயர் மாற்றித் தனக்கே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கித் திருத்த வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். எழுத மறுக்கிற பிள்ளை யார் என்று மட்டும் கவனித்து வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மார்க் பேசி முடித்ததும் அம்மாக்களை வைத்தும் அந்தக் கடிதத்தை எழுத வைத்துப் பாருங்கள், எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும். என் அனுபவத்தில் அங்கேதான் விசயம் நடக்கிறது.

கேள்வி (சாயல்குடி பக்கம்): அண்ணன் மகளுக்கு மனசு சரியில்லை. சொந்தக்காரர்கள் ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார்கள். மாத்திரை கொடுத்தால் பழகிவிடும் என்கிறார்கள்.

பதில்: தர்காவுக்குப் போவதில் தப்பில்லை, சாமியாடியிடமோ மாதா கோயிலுக்கோ போவதிலும் இல்லை, மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்தக் கடற்கரையில் அதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மனநலம் பாதித்த யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிற அரசுத் திட்டம் வந்திருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைகள் போதை மாதிரிப் பழகிப்போகிறவை அல்ல, ஆனால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. பிள்ளையைத் தனியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டாம், யாராவது ஒருவர் கூடவே இருங்கள்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி): அம்மா நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாங்க. எனக்கு எதிலும் ஆசை இல்லை. நான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒரு செலவு குறையும் என்று தோன்றுகிறது. சொன்னால் அம்மா உடைந்துபோவாங்க. நான்தான் பாரம்.

பதில்: நீ எழுதியது நல்லது, தாயி. ஊர்ப் பெயரைப் போடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், இந்தப் பத்திரிகை உன் கைக்கு வரும் என்று நம்புகிறேன்.

நான் பாரம், நான் போனால் மற்றவர்களுக்கு நிம்மதி என்கிற எண்ணம் மனச்சோர்வு வந்தவர்களுக்கு வருகிற ஓர் அறிகுறி. காய்ச்சலில் உடம்பு சுடுவதைப் போல் நிஜமாகவே தெரியும், அதைக் கணக்குப் போட்டு நீ கண்டுபிடித்த உண்மை என்று நினைத்துவிடாதே. நாள் முழுக்க நின்று நண்டு உரிக்கிற உன் அம்மா எதற்காக அந்த வேலைக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ சொன்னால் அழுவார். அழுதாலும் தாங்குவார்.

இன்றைக்கே ஒருத்தரிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று திணறினால் இந்த வரியை அப்படியே காட்டு: "அம்மா, எனக்குச் செத்துப்போயிரலாம்னு நினைப்பு வருது. எனக்குப் பயமா இருக்கு. என்னைத் தனியா விடாத, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ." அம்மாவிடம் முடியாவிட்டால் அம்மாச்சி, சித்தி, உனக்குப் பிடித்த ஒரு டீச்சர், பங்குக் கோயிலில் இருக்கிற சிஸ்டர், யாராவது. அவர்களும் சரியாகக் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் போ. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், அது 2022இல் ஆரம்பித்த அரசின் டெலிமானஸ் மனநலச் சேவை. பிள்ளைகளுக்கான 1098 இருக்கிறது, மருத்துவ உதவிக்கு 104 இருக்கிறது.

மேலே மற்றவர்களுக்குச் சொன்ன பயிற்சிகளை எல்லாம் நீ இப்போது செய்து பார்க்க வேண்டாம். உனக்கு இப்போது ஆளும் மருத்துவரும் வேண்டும். அவை அப்புறம் உதவும்.

இதைப் படிக்கிற பெரியவர்களுக்கு: பிள்ளை இப்படிச் சொன்னால் "இதெல்லாம் பேசாத" என்று அதட்டாதீர்கள், "உனக்கு என்ன குறை வச்சேன்" என்று கேட்காதீர்கள். செத்துப்போகிற நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது, தைரியமாகக் கேளுங்கள். "சொன்னதுக்கு நல்லதும்மா, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி பக்கத்திலேயே படுங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அன்று வேலைக்குப் போகாத கூலி போகட்டும். உடனே ஆபத்து என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.